நிவேதா, வயது 52

ஜகபர் சாதிக் செய்தது ஒரே ஒரு காரியம்தான். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் சங்கவியின் லேப்டாப்பில் செருகினான். தன் கைவரிசையைக் காட்ட வேண்டும் என்ற ஆசையைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

திரையில் வரிசையாக இருந்த மஞ்சள் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவை இருந்த இடத்தில் வளைந்த அம்புக்குறி போட்ட குட்டிப் படங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. எதைத் தட்டினாலும் எதுவும் திறக்கவில்லை.

“இவன் சார்ஜாவுல கம்ப்யூட்டர் பீல்டுல இருந்தவன்மா” என்று தேவயானி அவனை அறிமுகப்படுத்திய வாய் இன்னும் மூடவில்லை. சார்ஜாவில் அவன் விற்றது மொபைல் போனுக்கு உறை. அதிலும் பாதி, சைஸ் சேரவில்லை என்று திரும்பி வந்தது.

“ஷார்ட்கட் வைரஸ்” என்றான் ஜகபர். வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது போன்ற குரலில்.

சங்கவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “மறுபடியுமா? ஐயோ, மறுபடியுமா?”

மேசைக்கு அந்தப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்த தேவயானியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு உரிப்பது தொடர்ந்தது. விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஸ்வீட் ஸ்டாலின் மாடியில் இருக்கிறது தேவயானி துப்பறியும் நிலையம். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்குப் பழைய காதல் உண்டா என்று விசாரித்துச் சொல்வதுதான் அதன் பிழைப்பு. ஜகபர் அங்கே அவளுக்கு ஒரே உதவியாள். இந்தச் சனிக்கிழமை காலையில் வந்து நிற்பது மாப்பிள்ளை விவகாரம் இல்லை.

“எல்லாம் உள்ளதான் இருக்கும்மா, ஒளிஞ்சிக்கினு இருக்கும். எடுத்துடலாம்” என்றான் ஜகபர்.

“எதைத் தொட்டாலும் ஒடச்சிட்டு, எடுத்துடலாம்னு சொல்லுங்க!” சங்கவிக்குக் கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. “காசியம்மாளோட கைய முறிச்சிட்டாங்க. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில கெடக்கறாங்க. என்னோட லேப்டாப்ல இருந்து அவங்க பேர் எப்படி வெளிய போச்சுன்னு கண்டுபிடிங்கன்னு கேட்டு வந்தேன். வந்து பத்து நிமிஷத்துல லேப்டாப்பையே காலி பண்ணிட்டாரு.”

ஜகபர் திரையில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தான்.

விஷயம் இதுதான். சங்கவி ஆராய்ச்சி மாணவி. திண்டிவனத்துக்குத் தெற்கே தாண்டவராயனின் கல் குவாரியில் ஜல்லி உடைக்கும் ஆறு பெண்களைப் பேச வைத்து, அவர்கள் சொன்னதை ஒரு புத்தகமாகப் போட்டிருந்தாள். ஊர் பெயர் இல்லை, பெண்களின் பெயர்களை மாற்றியாயிற்று. புத்தகம் வெளிவந்த அந்த வாரமே தாண்டவராயனின் ஆட்கள், யாரையும் வழி கேட்காமல், காசியம்மாள் வீட்டுக்கு நேராகப் போய் அவளுடைய வலது கையைக் சம்மட்டிப் பிடியால் அடித்தார்கள். திங்கட்கிழமை சப்-கலெக்டர் ஆபீசில் குவாரி மீது விசாரணை. மற்ற ஐந்து பெண்களும் சங்கவிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்: உன் கம்ப்யூட்டர் பொட்டி எங்களைக் காட்டிக் குடுத்துடும், நாங்க வரமாட்டோம்.

“லேப்டாப்ல இருந்துதான் போச்சுன்னா, இன்னைக்கே புத்தகத்தை வாபஸ் வாங்கிடுவேன். விசாரணையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இன்னொரு கை ஒடையறதை என்னால பாக்க முடியாது” என்றாள் சங்கவி.

“விசாரணைக்கு ஒருத்தரும் வரலன்னா?” என்று கேட்டான் ஜகபர்.

“ஃபைலை மூடிடுவாங்க. தாண்டவராயன் இன்னும் ஆழமா வெடி வெப்பான்.”

தேவயானி மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளினாள். “மறுபடியுமான்னு கேட்டியே. மொத தடவை எப்போ?”

“அது... போன மாசம். சும்மா. சரி பண்ணிட்டேன்.”

“வெளி பென் டிரைவ் ஒண்ணுகூட இதுல ஏறலன்னு வந்ததும் சொன்ன.”

“ஏறல. அதாவது, என்னோட பென் டிரைவ்தான் வெளிய போயிட்டு வந்துச்சு.”

சங்கவி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள். டெல்லியில் நடந்த பயிற்சியில் கொடுத்தது. ‘ஆபத்து மதிப்பீடு’ என்று தலைப்பு. ஹேக்கர்கள், சிவப்பு. போன் ஒட்டுக்கேட்பு, சிவப்பு. லேப்டாப் திருட்டு, மஞ்சள். எல்லாவற்றுக்கும் எதிரே அழகான கையெழுத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகள். பாஸ்வேர்டு இருபத்துநாலு எழுத்து. உண்மைப் பெயர்கள் இருக்கும் ஃபைலுக்குத் தனிப் பூட்டு.

“இதுல பச்சையில என்னமோ எழுதியிருக்குதே” என்று குனிந்து பார்த்தான் ஜகபர்.

“தமிழ் டைப்பிங்” என்றாள் சங்கவி மெதுவாக. “எனக்குத் தமிழ் டைப்பிங் வராது. கையால எழுதினதை ஒரு டி.டி.பி. கடையில குடுத்து அடிச்சு வாங்கினேன். அதுல வெறும் பொய்ப் பேருங்கதான். அதனால பச்சை போட்டேன்.”

“எந்தக் கடை?” என்று கேட்டாள் தேவயானி.

“திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழ. நடராசன்னு ஒருத்தர்.”

ஜகபர் லேப்டாப்பில் செருகியிருந்த தன் பென் டிரைவை மெதுவாகப் பிடுங்கினான். தேவயானியின் தலை மெல்ல அவன் பக்கம் திரும்பியது.

“சாதிக்கு, உன் பென் டிரைவ் கடைசியா எங்க போய்ட்டு வந்துது?”

“அக்கா, இந்த வைரஸு ஊரெல்லாம் இருக்குது. தேடிக்கினு போகவேண்டியதே இல்ல.”

“எங்க போய்ட்டு வந்துது?”

“நடராசன் கடைக்குத்தான்.”

“திண்டிவனத்துல உனக்கு என்னாடா வேலை?”

ஜகபர் பர்சிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து மேசையில் குப்புற வைத்தான். தேவயானி திருப்பிப் பார்த்தாள். ‘ஜகபர் சாதிக், தலைமைத் துப்பறிவாளர்’ என்று தங்க எழுத்தில் இருந்தது. விழுப்புரத்தில் அடித்தால் அவள் காதுக்குப் போய்விடும் என்றுதான் அத்தனை தூரம் போயிருந்தான்.

தேவயானி கார்டை மல்லாட்டைத் தோலோடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

“நீ ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள் சங்கவியிடம். “காசியம்மாள் பக்கத்துலயே இரு. யாருகிட்டயும் வாபஸ் கீபஸ்னு வாயத் தொறக்காத. நாங்க திண்டிவனம் போய்ட்டு வர்றோம்.”

மாடிப்படி இறங்கும்போது ஜகபர் கேட்டான். “அக்கா, நான் பென் டிரைவ் செருகினது தப்பா, இல்ல நல்லதா? ஒண்ணு சொல்லு.”

“பஸ்ஸு கெளம்பிடப் போவுது. ஜல்தி நட.”

தேவயானியிடம் நேராக ஒரு பதில் வாங்கியவன் விழுப்புரத்தில் இன்னும் பிறக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் தேவயானி. நடுவில் ஒரு பாட்டியின் கோழிக்கூடை. ஓரத்தில் பாதி இருக்கையும் பாதி காற்றுமாக ஜகபர். சங்கவியின் புத்தகம் அவன் கையில் இருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் கிண்டலாகத்தான் படித்துக்கொண்டு வந்தான்.

“அல்லி, செண்பகம், முல்லை, மல்லிகா, தாமரை. சங்கவி பேர் வெச்சிருக்குதா, பூக்கடை வெச்சிருக்குதான்னு தெரியல.”

“படி. வெளிய சத்தம் வராம படி.”

படித்தான். ஜல்லித் தூசியைக் கழுவத் தண்ணீர் கேட்டதற்குக் கூலி பிடித்ததைச் செண்பகம் சொல்லியிருந்தாள். பால் கொடுக்கும்போது பிள்ளையின் வாயெல்லாம் சாம்பல் நிறமானதை முல்லை சொல்லியிருந்தாள். கோழி மட்டும் பேசிக்கொண்டு வந்தது. தாண்டவராயனின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த முகத்தில் குத்த வேண்டும்போல் இருந்தது. வாழ்க்கையில் அவன் குத்தியது ஒரே ஒருவனைத்தான். அதிலும் அவன் விரல்தான் வீங்கியது.

கோபம் அதிகமானால் அவனுக்குக் கிண்டல் வந்துவிடும். அது ஒரு கோளாறு.

“அக்கா, இதக் கேளு. ‘நிவேதா, வயது 52. கணவர் இல்லை. குழந்தை இல்லை.’ அம்பத்திரண்டு வயசுல நிவேதாவாம்! எங்க கோட்டக்குப்பம் ஸ்கூல்ல நாலு நிவேதா இருக்குது, எல்லாம் இப்பத்தான் டென்த் எழுதப் போவுது. இந்த அம்மா பொறந்தப்ப இந்தப் பேரே பொறந்திருக்காது.”

“சாதிக்கு.”

“சொல்லுக்கா.”

“கோழிய விட நீ அதிகமா கொக்கரிக்கற.”

நடராசனின் கடை மேம்பாலத்தின் நிழலில் இருந்தது. கரண்ட் போயிருந்தது. அந்த வருஷம் கரண்ட் இருந்தால்தான் சேதி. ஒரு பழைய இன்வர்ட்டர் முனகிக்கொண்டிருக்க, ஃபேன் போகாமல், கம்ப்யூட்டர் மட்டும் உயிரோடு இருந்தது. அதன் முன்னால் பனியனோடு நடராசன்.

திரையைப் பார்த்ததும் ஜகபருக்கு ரத்தம் தலைக்கேறியது. திரை முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, பக்கத்தில் யாரோ கத்தரித்து ஒட்டிய ஒரு புலி. மேலே, ‘பாறைகளின் பாதுகாவலரே! அண்ணன் தாண்டவராயனின் பொன்விழாப் பிறந்தநாள்!’

“இவனா? இவனோட பேனர் இங்கதான் அடிக்கறியா?”

“யாரு குடுத்தாலும் அடிப்பேன் தம்பி. கட்சி, கல்யாணம், சாவு, எதுவா இருந்தாலும்.” நடராசன் தலையைத் திருப்பவில்லை. “உங்க விசிட்டிங் கார்டுகூட அடிச்சேனே. தலைமைத் துப்பறிவாளர்.”

ஜகபர் பேனரை மூலைக்குச் சுருக்கினான். அடியில் இருந்ததைப் பார்த்துவிட்டு மேசையை ஓங்கி அறைந்தான். மேசை அசையவில்லை. உள்ளங்கைதான் எரிந்தது. திரையில் ஊரே விரிந்து கிடந்தது. யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ், யாரோ ஒருவரின் விவாகரத்து நோட்டீஸ், இன்னொருவரின் பேங்க் பாஸ்புக். நடுவில் ‘சங்கவி மேடம் கல்குவாரி கடைசி திருத்தம் 3’. புலிக்குப் பக்கத்தில்.

“மாசக்கணக்கா இங்கயே வெச்சிருக்க! இந்தக் கடைக்கு வர்ற எவன் கண்ணுல வேணா படற மாதிரி! இந்தத் தாண்டவராயன் ஆளு பேனர் பாக்க வந்து இங்கதானே உக்காருவான்?”

“உக்காருவாங்க.”

“அப்ப இதப் பாத்தானா?”

“பாத்திருக்கலாம். பாக்காமயும் இருந்திருக்கலாம்.”

“யோவ், ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லுய்யா!”

“தம்பி சூடா இருக்காரு. டீ சொல்லட்டா?”

தேவயானி, நடராசன் கையிலிருந்த மவுசை வாங்கிச் சங்கவியின் ஃபைலைத் திறந்து, பக்கம் பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அல்லி. செண்பகம். முல்லை. உண்மைப் பெயர் ஒன்று இல்லை. ஊர் இல்லை, தெரு இல்லை. இதைத் திருடி என்ன பிரயோஜனம்? அச்சான புத்தகத்தில் இருப்பதுதான் இதிலும் இருந்தது.

அப்போது கடை வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவனுக்குக் கழுத்துச் சங்கிலியும் கைச்சங்கிலியும் ஒரே தடிமன்.

“நடராசா, புலி வந்துடுச்சா? அண்ணன் புலிய விட ஒசரமா இருக்கணும், சொல்லிட்டேன்.” உள்ளே வந்தவன் தேவயானியைப் பார்த்து நின்றான். “அடடே, விழுப்புரம் டிடெக்டிவ் அம்மா! என்னா, மாப்ள விசாரிக்க வந்தீங்களா?”

“ஆமா வேங்கடேசா. மாப்ள பொம்பளைங்க கைய ஒடிக்கற ரகமான்னு விசாரிச்சிக்கினு இருக்கோம்.”

வேங்கடேசன் சிரித்தான். தாண்டவராயனின் வலது கை அவன்தான் என்று திண்டிவனத்தில் எல்லோருக்கும் தெரியும். “கையி மாடியில இருந்து விழுந்ததாம், கேள்விப்பட்டேன்.”

“கூரை வீட்டுக்கு ஏதுய்யா மாடி?” என்றான் ஜகபர். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

வேங்கடேசன் நெருங்கி வந்து ஜகபரின் சட்டைக் காலரை நீவிவிட்டான். நீவியதிலேயே ஒரு பட்டன் தெறித்தது. “தம்பி, அந்தப் பொஸ்தகத்துல ஆறு பொம்பளைங்க. ஒண்ணு ஆஸ்பத்திரியில ரெஸ்ட்டு எடுத்துக்கினு இருக்குது. பாக்கி அஞ்சும் எது எதுன்னு நீ சொல்லிடு. அண்ணன் உனக்குத் தனியா ஒரு ஃப்ளெக்ஸே வெப்பாரு. அந்தப் பொண்ணு பொட்டியில எல்லாம் இருக்குதாமே? எங்களுக்குத்தான் அது கெடைக்கல.”

ஜகபர் கையை ஓங்கினான். தேவயானி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தன் மல்லாட்டைப் பொட்டலத்தை அதில் வைத்தாள்.

“வேங்கடேசா, வந்ததுக்கு ரொம்ப நன்றி” என்றாள். அவள் நிஜமாகவே சொன்னதுபோல் இருந்தது.

புல்லட் போன பிறகு ஜகபர் வெடித்தான். “நன்றியா? அவன் என் பட்டனப் பிச்சிட்டான். காசியம்மாள் கையப் பிச்சவன் அவன். அவனுக்கு நன்றியா?”

“காதுல விழல? பாக்கி அஞ்சு பேர் யாருன்னு அவங்களுக்குத் தெரியல. பொட்டிய ஒடச்சிருந்தா ஆறு பேரும் தெரிஞ்சிருக்கும். பொட்டி தப்பிச்சிடுச்சு. அப்ப, ஒருத்தி மட்டும் எப்படி மாட்டினா?”

“எப்படி?”

“பஸ்ல நீ ஏதோ சொன்னியே.”

“நெறைய சொன்னேன்.”

“எல்லாம் உளறல். ஒண்ணத் தவிர.” அவள் நடராசன் பக்கம் திரும்பினாள். “அம்பத்திரண்டு வயசுப் பொம்பளைக்கு நிவேதான்னு பேர் அடிச்சியே, அப்ப உன் கை நிக்கலியா?”

நடராசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வியர்க்காத இடத்தையெல்லாம் துடைத்தான்.

“நடராசா. யாரு அந்த நிவேதா?”

“அவங்க சொல்லல. நான் கேக்கல.”

“நான் கேக்கறேன்.”

நடராசன் மவுசை வாங்கி ஒரு பழைய ஃபோல்டரைத் திறந்தான். அதற்கு ‘சாவு’ என்று ஒரே சொல்லில் பெயர் வைத்திருந்தான். உள்ளே வருஷவாரியாகக் கண்ணீர் அஞ்சலி பேனர்கள். ஒன்றைச் சொடுக்கினான்.

திரையில் தாண்டவராயன் கைகூப்பிக்கொண்டு வந்தான். அதே வெள்ளைச் சட்டை, அதே கறுப்புக் கண்ணாடி. பேனரில் பாதி அவன்தான். அவனுடைய பெயர், அவனுடைய குவாரியின் பெயர், அவனுடைய மச்சான்களின் பெயர்கள். ஓரத்தில் தபால்தலை அளவுக்கு இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை, ஸ்கூல் அடையாள அட்டையிலிருந்து எடுத்த படம். அதன் கீழே சின்ன எழுத்தில், ‘சகோதரி காசியம்மாளின் ஒரே மகள் செல்வி நிவேதா, ஆறாம் வகுப்பு. சாலை விபத்தில் அகால மரணம்.’

இன்வர்ட்டர் முனகிக்கொண்டே இருந்தது.

“ரோட்டுல அடிபடல அந்தக் கொழந்த” என்றான் நடராசன், கதவு பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு. “அம்மாவுக்குச் சோறு எடுத்துக்கினு போச்சு. வெடி வெச்சப்ப கல்லு பறந்து வந்து விழுந்துது. எல்லாருக்கும் தெரியும். ரோடுன்னு போடச் சொன்னாங்க, போட்டேன். பேர அடிச்சவன் நான். பொஸ்தகத்துல மறுபடியும் அதே பேர அடிச்சப்ப...”

“அடிச்சப்ப?”

“டீ சொல்லட்டாங்க?”

ஜகபருக்கு நடராசனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அவன் தோளைத் தட்டிக்கொடுக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் திரையை வெறித்துக்கொண்டு நின்றான். செத்த குழந்தை தபால்தலை. கொன்றவன் பாதி பேனர். அந்தப் புத்தகத்தை யார் திருடவேண்டும்? தாண்டவராயன் கடையில் காசு கொடுத்து வாங்கிப் புரட்டியிருப்பான். நிவேதா என்ற பெயரைப் பார்த்திருப்பான். அவனே காசு கொடுத்து ஊரெல்லாம் கட்டிய பெயர்.

“இந்தத் திரையில இருக்கற அத்தனையும் அழி” என்றாள் தேவயானி. குரல் உயரவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. “ஊர்க்காரங்க பாஸ்புக், விவாகரத்து, எல்லாம். குப்பைக் கூடையையும் கொட்டு. அந்த அஞ்சலிய மட்டும் விட்டு வை. திங்கக்கிழமை அதுக்கு வேலை இருக்குது.”

“என் விசிட்டிங் கார்டையும் அழிச்சிடுய்யா” என்றான் ஜகபர்.

முண்டியம்பாக்கத்தில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பெண்கள் வார்டின் கோடிக் கட்டிலில் காசியம்மாள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழுக்க மாவுக்கட்டு. ஒல்லியான உடம்பில் அந்தக் கை மட்டும் வேறு யாருடையதோ போலப் பருத்திருந்தது. கட்டிலுக்குக் கீழே தரையில் சங்கவி. அழுது முடித்த முகம்.

“அக்கா, நான் முடிவு பண்ணிட்டேன். புத்தகத்தை வாபஸ்...”

“உன் பொட்டி யாரையும் காட்டிக் குடுக்கல” என்றாள் தேவயானி. “இந்த அம்மாவுக்குப் பொய்ப் பேர் வெச்சது யாரு? நீயா?”

சங்கவி விழித்தாள். “மத்த அஞ்சு பேரும், ‘நீயே ஏதாச்சும் போட்டுக்கோம்மா’ன்னு சொன்னாங்க. அதனால பூப்பேரா வெச்சேன். காசியம்மா மட்டும் அவங்களே கேட்டு வாங்கினாங்க. நிவேதான்னு போடு கண்ணுன்னாங்க. பேரை அவங்களே தேர்ந்தெடுக்கறதுதான் மரியாதைன்னு டெல்லியில சொல்லிக்குடுத்தாங்க.”

“குழந்தைங்க இருக்குதான்னு கேட்டியா?”

“கேட்டேனே. எல்லார்கிட்டயும் கேட்டேன். ‘புள்ளைங்க?’ன்னு கேட்டேன். ‘இல்ல’ன்னு சொன்னாங்க. குழந்தை இல்லைன்னு எழுதிக்கிட்டேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவள் அந்த ‘இல்ல’ என்ற சொல்லில் தடுக்கி நின்றாள். தேவயானியின் முகத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். “இல்ல”ன்னா? பிறக்கவே இல்லையா, இப்போது இல்லையா? ஒரே சொல். எது என்று அவள் கேட்கவில்லை.

“நிவேதா உங்க பொண்ணா?” என்று காசியம்மாளிடம் கேட்டாள்.

காசியம்மாள் இடது கையால் சங்கவியின் தலைமுடியைச் சரிசெய்தாள். “ஆறாவது படிச்சிக்கினு இருந்தா.”

சங்கவி பொங்கிவிட்டாள். “இருபத்துநாலு எழுத்துல பாஸ்வேர்டு வெச்சேன். சிவப்பு, மஞ்சள்னு கலர் அடிச்சேன். இதக் கேக்கத் தோணல எனக்கு! அவன் கைல உங்கள நானே புடிச்சிக் குடுத்துட்டேன்!”

“எம்மா, அந்தப் பொண்ணக் கத்தாதன்னு சொல்லுங்க” என்றாள் காசியம்மாள் தேவயானியிடம். “நர்சம்மா வந்து திட்டும்.”

ஜகபரால் அதற்குமேல் முடியவில்லை. காலையிலிருந்து சேர்ந்த கோபம் எல்லாம் யார் மேல் போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது. தாண்டவராயன் மேல், வேங்கடேசன் மேல், நடராசனின் துண்டு மேல், தன் பென் டிரைவ் மேல். கடைசியில் அது கட்டிலில் கிடப்பவளிடமே போய் நின்றது.

“எம்மா, தப்பா நெனைக்காத. அந்தப் பேரு அவன் கண்ணுல பட்டா அடுத்த நாளே ஒன் வீட்டு வாசல்ல வந்து நிப்பான்னு ஒனக்குத் தெரியாதா? ஊர்ல வேற பேரே கெடைக்கலியா? பூப்பேரு வெச்சிக்கினு பேசாம இருந்திருந்தா இந்தக் கை இப்படி ஆகியிருக்குமா?”

“தண்ணி குடு தம்பி.”

பாட்டிலைத் திறந்து கொடுத்தான். இடது கையால் பிடிக்க அவளுக்கு வரவில்லை. அவனே பிடித்துக்கொண்டான். குடித்து முடித்தாள். காலையிலிருந்து அவன் கேட்ட கேள்விகளுக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. இவளும் சொல்லமாட்டாள், போர்வையை இழுத்து விடு என்பாள் என்று நினைத்தான். கோபம் எங்கோ போய்விட்டது. மெதுவாகத்தான் கேட்டான்.

“தெரியாம சொன்னியாம்மா? இல்ல, தெரிஞ்சேவா?”

காசியம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள். அவன் கண்ணைப் பார்த்தாள்.

“தெரிஞ்சேதான் சொன்னேன். ரோட்டுல செத்தான்னு ஊரெல்லாம் பேனரு கட்டினான். எம்பொண்ணு அந்தக் கல்லுலதான் செத்தா. கல்லு ஒடைக்கறவங்க பொஸ்தகத்துல அவ பேரு இருக்கணும், அத அவன் படிக்கணும்னுதான் சொன்னேன். திங்கக்கிழமை நான் வர்றேன். அந்த அஞ்சு பேருகிட்டயும் போய்ச் சொல்லு தம்பி. பொட்டி காட்டிக் குடுக்கல. என்னய நானேதான் காட்டிக் குடுத்துக்கினேன்.”